‘பாக்கலாமுங்க’: ஒரு கலைஞர் குழுவில் சேர்ந்ததும் ஒரு தறி சிக்கியதும்

ஞாயிறு காலை பத்தரைக்கு எங்கள் கண்காட்சித் திறப்பு. ஆறே காலுக்குப் போன் வந்தது. எங்கள் குழுவில் மூத்தவரான போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன். "அம்மணி, தறிய ஓட்டீட்டாங்க. நாடா சிக்கிக் கெடக்குது. வெரசா வா" என்றார். ஊடை என்னும் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடுவதுதான் நாடா. திருப்பூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது விசைத்தறி ஷெட்டுக்குள் யாரும் பேசவில்லை. எட்டுத் தறிகளில் மூன்றாவதன் பாவு, அதாவது நீளவாக்கில் ஏறியிருக்கும் நூல், நடுவில் அறுந்து, கிழிந்த வலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கண்காட்சியின் முக்கியமான படைப்பு, சாயநூலில் கோர்த்த கூலிச் சீட்டுகள், பாதி கூரையிலும் பாதி தறிக்குள்ளுமாகக் கிடந்தது. ஷெட்டுக்காரர் தோளில் துண்டோடு வாசலில் நின்றார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் காலை எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வு. நான் குழுவில் சேர்ந்து அப்போது எட்டு மாதம். கூட்ட நோட்டு முழுக்க என் கையெழுத்து. ஆகவே தப்பில் என் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன். குழுவின் பெயர், ஆட்களின் பெயர், ஊரின் பெயர் மூன்றையும் விட்டுவிடுகிறேன். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் ஒரு விசைத்தறிக் கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழு

என்னோடு சேர்த்து ஏழு பேர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு பிழைப்பு மாறிப்போன போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர், அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர், திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கும் சிற்பி, கல்யாண வீட்டு போட்டோகிராபர், ஆர்க்கிடெக்ட் அக்கா, ஈரோட்டில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்துகொண்டு ராத்திரியில் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் லினோ கட் வெட்டும் நான். கேலரிக்கு முதலாளி இருப்பார், அகாடமிக்கு அரசாங்கம் இருக்கும். இங்கே படம் போடுகிறவர்களே எந்தப் படத்தை எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிக்கிறார்கள், அவர்களே ஆணி அடிக்கிறார்கள், முடிந்ததும் அவர்களே கூட்டிப் பெருக்குகிறார்கள். க்யூரேட்டர் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது.

இது புதுச் சங்கதி ஒன்றும் இல்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, பாத்திக் துணி செய்து விற்ற காசுதான் நிலத்துக்கு முதல். பாவ்நகரில் ஒரு வீட்டு எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு 1962-இல் பன்னிரண்டு பேர் தொடங்கிய ‘குரூப் 1890’ அடுத்த ஆண்டு டெல்லியில் ஒரே ஒரு கண்காட்சி நடத்தியது, அதோடு சரி. இன்றைக்கும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். பக்கத்தில் கொச்சியையே எடுத்துக்கொண்டால், 2025 டிசம்பர் 12-இல் தொடங்கிய ஆறாவது பினாலே என்னும் பெரிய கலைக் கண்காட்சியை ஒருங்கமைத்தது நிகில் சோப்ராவும், கோவாவில் கலைஞர்கள் தாங்களே நடத்தும் எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ் குழுவும்தான்.

எங்கள் போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் ஒட்டாது. அவர் எடுப்பது எப்போதும் சாமிக்கண்ணு வின்சென்ட்தான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த மனிதர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை வாங்கினார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், 1914-இல்தான் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். "மொதல்ல கூடாரம், அப்பறமேலுதான் கட்டடம்" என்பார் அண்ணன். எங்களுக்குக் கட்டடம் வரவே இல்லை. மூடிய ஜின்னிங் பாக்டரி, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், அச்சக மாடி என்று கிடைத்த இடத்தில் நடத்தினோம். இடம் யாராவது ஒருவர் தயவில் கிடைத்தது. இந்தத் ‘தயவு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த விதம்

தை மாதம், அவினாசி ரோட்டோரம் ஒரு பேக்கரி. டீயும் தேங்காய் பன்னும். என் லினோ பிரிண்ட்டுகளைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. மூன்று கேள்விகள்தான் கேட்டார்கள்.

"டாடா ஏஸ் ஓட்டுவியா?"

ஓட்டுவேன் என்றேன். பிரிண்டிங் யூனிட்டில் துணி ஏற்றிக்கொண்டு போய்ப் பழக்கம்.

"கணக்கு நோட்டு, கூட்ட நோட்டு ரெண்டும் எழுதுவியா? எங்க யாருக்கும் கையெழுத்து வராது."

எழுதுகிறேன் என்றேன்.

மூன்றாவதை ஓவிய ஆசிரியர் கேட்டார். "மொத ஒரு வருசம் உன்ற படத்த நம்ம கண்காட்சில வெக்கக் கூடாது. அடுத்தவங்க படத்தத்தான் தூக்கோணும். சம்மதமா கண்ணு?"

"பாக்கலாமுங்க" என்றேன்.

சேர்ந்துவிட்டேன்.

அந்த விதிக்கு நியாயம் உண்டு. கண்காட்சி ஒருங்கமைக்கிற கையே தன் படத்தையும் நல்ல சுவரில் மாட்டிக்கொண்டால், வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர் எங்கே போவார்? கிளாஸ்கோவில் 1983-இல் கலைப் பள்ளியில் படித்து முடித்தவர்கள் தொடங்கிய டிரான்ஸ்மிஷன் கேலரியில் இதற்கு வேறு மருந்து வைத்திருந்தார்கள். சம்பளமில்லாத ஒரு கமிட்டி, யாரும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, அப்புறம் இறங்கிவிட வேண்டும். சாவி ஒரே கையில் கிடந்து பழகக் கூடாது என்ற எண்ணம். எங்கள் குழுவில் எந்த இடத்தில் நடத்தினாலும் சாவி பதினோரு வருடமாக அண்ணன் இடுப்பில்தான் இருந்தது. அதை யாரும் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. நானும்தான்.

மாதச் சந்தா ஆளுக்கு ஐந்நூறு. முதல் நான்கு மாதம் நான் செய்தது வண்டி ஓட்டியதும், சுவர் அளந்ததும், நோட்டு எழுதியதும். படம் மாட்டுவதில் ஒரு சின்ன வித்தை கற்றுக்கொண்டேன். எல்லாப் படத்தின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டில் வைத்தால் கண் கீழே வழுக்கும், எல்லாவற்றின் நடுவையும் ஒரே உயரத்தில் வைத்தால் கண் தங்கும். அண்ணன் இதற்கு டேப் எடுக்கவே மாட்டார். சுவருக்கு முன்னால் நின்று, பென்சிலைத் தன் புருவத்துக்கு நேராகப் பிடித்து ஒரு புள்ளி வைப்பார். பின்னால் நான் அளந்தால் அரை அங்குலம்கூட விலகியிருக்காது. அவர் குள்ளம் என்பதால் எங்கள் கண்காட்சிகள் எல்லாமே கொஞ்சம் தாழ்வாக இருக்கும். குழந்தைகளுக்கு வசதி.

ஷெட்

ஆவணியில் நெசவைப் பற்றி ஒரு கண்காட்சி என்று முடிவானது. சேலத்துக்காரத் தம்பி ஒருவரை அழைத்தோம். கூலிச் சீட்டுகளை வைத்துப் படைப்பு செய்கிறவர். ஓடுகிற ஷெட்டிலேயே வைக்கலாம் என்பது ஆர்க்கிடெக்ட் அக்காவின் யோசனை. தூரத்துச் சொந்தம் ஒருவரின் ஷெட்டை அவரே பிடித்தார்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்கிறவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். இவர்கள் வெளுக்காத, சாயமேற்றாத காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார்கள். தறி இவருடையது, தறியில் ஏறியிருக்கும் பாவு இவருடையது இல்லை. கூலி உயர்வு கேட்டு 2022-இலும் 2025-இலும் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. கட்டுப்படியாகாமல் தறியை எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

அடுத்தது கரண்ட். விசைத்தறிக்குத் தனிக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023 வரை அது 750. அந்த இணைப்பில் வேறு வேலைக்கு மின்சாரம் எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அபராதக் கணக்குப் போடலாம். நாங்கள் பன்னிரண்டு ஸ்பாட் லைட் மாட்டத் திட்டமிட்டிருந்தோம்.

இந்த இரண்டும் ஷெட்டுக்காரருக்குத் தெரியும். குழுவில் போட்டோகிராபருக்கும் தெரியும், அவர் தறி வீட்டில் பிறந்தவர். மற்றவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

ஆடி கடைசியில் ஷெட்டில் கூட்டம். சேலத்துத் தம்பி, மூன்றாவது தறியைப் பத்து நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்றார். நெய்து பாதியில் நிற்கிற துணி, அதன்மேல் கூரையிலிருந்து முந்நூறு நூல், ஒவ்வொரு நூலிலும் ஒரு கூலிச் சீட்டின் நகல். கேட்கவே நன்றாக இருந்தது. ஷெட்டுக்காரரிடம் கேட்டோம்.

"பாக்கலாமுங்க" என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "கரண்டு சங்கதியும் இருக்குதுங்க. செரி, பாக்கலாமுங்க."

வாடகை எவ்வளவு என்று அண்ணன் கேட்டார். "அட, காசெல்லாம் எதுக்குங்க, ஒறம்பரைக்குள்ள" என்றார். ஒறம்பரை என்றால் சொந்தபந்தம். நாங்கள் நன்றி சொன்னோம். அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார்.

நான் நோட்டில் எழுதியது இது: ‘ஷெட் உரிமையாளர் ஒப்புதல். தறி 3, பத்து நாள் நிறுத்தம். வாடகை இல்லை.’

திரும்பும் வழியில் வண்டியில் வைத்துக் குழுவின் கருத்தைக் கேட்டேன். சிற்பி "செரிதான்" என்றார். போட்டோகிராபர் "பாக்கலாம்" என்றார். ஓவிய ஆசிரியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில்: ‘குழு ஒருமனதாக ஏற்றது.’

நான் பிறந்து வளர்ந்தது பெருந்துறைப் பக்கம். ‘பாக்கலாமுங்க’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் என் அப்பா அதைத்தான் சொன்னார், அவர்கள் அப்புறம் வரவில்லை. கடன் கேட்டவரிடம், நிலத்தின் விலை படியாதபோது, கமிட்டிக்கு நிற்கச் சொன்னபோது, எல்லா இடத்திலும் அதுதான். ‘ஊட்ல கேக்கோணுங்க’, ‘ஆகட்டுங்க’, ‘அப்பறம் சொல்றனுங்க’ என்று அதற்குத் தம்பி தங்கைகளும் உண்டு. எதிரில் இருப்பவரின் முகம் வாடாமல் கதவைச் சாத்தும் சொற்கள். காதில் கேட்டபோது புரிந்தது. எழுத்தில் இறக்கியபோது ‘ஒப்புதல்’ ஆகிவிட்டது. நோட்டு என்றால் முடிவைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், தயக்கத்துக்கு அதில் கட்டம் போட்டிருக்கவில்லை.

அன்று காலை

சனிக்கிழமை ராத்திரி பதினொன்று வரை நூல் கட்டினோம். ஷெட்டுக்காரரின் வீட்டம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். "இது எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டார். பத்து நாள் என்று சொன்னோம். "ஓ" என்றார்.

திங்கட்கிழமை துணி கொடுக்கிற நாள். மூன்றாவது தறியில் இன்னும் சில மீட்டர் பாக்கி. உற்பத்தியாளரின் ஆள் வெள்ளிக்கிழமையே கேட்டுவிட்டுப் போயிருந்தார். இது எங்களுக்கு அப்புறம் தெரிந்தது. விடியற்காலம் அஞ்சரைக்கு வீட்டம்மா நூல்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிவிட்டுத் தறியைப் போட்டிருக்கிறார். திறப்பதற்குள் முடித்து, பழையபடி நூலை எடுத்துவிட்டுவிடலாம் என்று கணக்கு. அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. தறி ஓடும் அதிர்வில் ஒதுக்கிய நூல் ஒன்று அவிழ்ந்து, சீட்டோடு சேர்ந்து பாவுக்குள் இறங்கியது. போன நாடா மறுபக்கம் போய்ச் சேராமல் பாவின் நடுவிலேயே மாட்டிக்கொண்டது, தறி ஒரு அடி அடித்தது. அறுநூறுக்குக் குறையாத இழை போனது.

சேலத்துத் தம்பி வந்ததும் கொதித்தார். "ஒத்துக்கிட்டுத்தானே கட்டினோம்?"

ஷெட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நாந்தான் பாக்கலாமுங்கன்னு சொன்னனுங்களே" என்றார்.

போட்டோகிராபர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பைக்குள் தள்ளினேன்.

ஊர்க்காரர்கள் பத்தரைக்கு வந்தார்கள், நிறையவே வந்தார்கள். மற்ற படைப்புகளின் பக்கம் யாரும் அதிகம் போகவில்லை. வந்த தறிக்காரர்கள் எல்லோரும் மூன்றாவது தறியைச் சுற்றி நின்றுகொண்டு அறுந்த பாவைக் குனிந்து பார்த்தார்கள். யாரோ போன் செய்து பாவு பிணைக்கிற பெரியவரை வரவழைத்தார்கள். அவரும் வீட்டம்மாவும் தறியின் முன்னும் பின்னும் உட்கார்ந்தார்கள். அவர் அறுந்த முனையோடு புது இழையை வைத்துக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகுவார், முடிச்சு கண்ணுக்கே தெரியாது. அதை அவர் இழை நுழையும் விழுதின் வழியாக நீட்ட, அந்தப் பக்கம் அம்மா வாங்குவார். பொழுதோட வரைக்கும் ஆனது. வந்தவர்கள் பாதிப் பேர் அங்கேயே நின்று பார்த்தார்கள்.

அப்போது ஆர்க்கிடெக்ட் அக்கா என் காதில் சொன்னார். "இதையே நிகழ்த்துகலைன்னு சொல்லி ஒரு கார்டு அடிச்சு வெச்சுரலாமா? பிரமாதமா இருக்கு."

பிரமாதமாகத்தான் இருந்தது. அந்த அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி போச்சு, உற்பத்தியாளரிடம் என்ன பதில் சொல்வது என்ற பயம் வேறு. "வேண்டாங்க்கா" என்றேன். "ஏன்?" என்றார். "வேண்டாம்" என்றேன் திரும்பவும். குழுவில் சேர்ந்து நான் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. அக்கா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கணக்கு

பிணைப்புக் கூலி, வீணான காடாவுக்கு உற்பத்தியாளர் பிடித்தது, நாடா, தறி ஓடாத இரண்டு நாள் கூலி, எல்லாம் சேர்ந்து 5,700 ரூபாய். குழுவின் கையிருப்பு 4,100. சேலத்துத் தம்பி பாதி தரட்டும் என்று அச்சகக்காரர் சொன்னார். அழைத்து வந்தவரிடம் அபராதம் கேட்பது அசிங்கம் என்றார் அண்ணன். கடைசியில் ஏழு பேரும் மிச்சத்தைப் பங்கு போட்டோம். ஷெட்டுக்காரர் பணத்தை வாங்க மறுத்தார். வீட்டம்மா வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தேன். ‘ஒருமனதாக ஏற்றது’ என்ற வரி வந்ததும் போட்டோகிராபர் சிரித்துவிட்டார். "ஓடற தறிக்கு மேல நூல் தொங்கினா என்ன ஆகும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்." ஏன் சொல்லவில்லை? "அக்கா ஆசையா சொன்னாங்க. அண்ணனும் தலையாட்டினாரு. நடுவுல நான் எதுக்கு?" அண்ணனைக் கேட்டால், எல்லோரும் சரி என்றதால் தலையாட்டினேன் என்கிறார். சிற்பிக்கும் பிடிக்கவில்லையாம். எண்ணிப் பார்த்தால் ஏழு பேரில் நான்கு பேருக்கு வேண்டாம். ஒருமனதாக நடந்துவிட்டது.

ஜகார்த்தாவில் 2000-இல் தொடங்கிய ருவாங்ருபா குழுவைப் பற்றி எங்கள் கூட்டங்களில் பேசாத மாதம் இல்லை. 2022-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நூறு நாள் நடக்கும் டாக்குமெண்டா என்னும் கலைக் கண்காட்சியை ஒருங்கமைத்தவர்கள். ‘லும்புங்’ என்று பொது நெல் களஞ்சியத்தின் பெயரை வைத்தார்கள். நம்ம ஊர்க் குதிர்தான் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கண்காட்சியிலேயே, தாரிங் பாடி குழு 2002-இல் வரைந்த பெரிய பதாகை ஒன்றில் யூத வெறுப்பு உருவங்கள் இருந்ததாகத் திறந்த சில நாளில் பெரும் சண்டை கிளம்பி, பதாகையை மூடி, பிறகு இறக்கினார்கள். அடுத்த மாதம் டாக்குமெண்டாவின் பொது இயக்குநர் பதவி விலகினார். அதன் அரசியல் பெரியது, இங்கே பேச இடமில்லை. ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கிற இடத்தில், மாட்டுவதற்கு முன்னால் ஓர் ஆள் எழுந்து நின்று ‘நிறுத்துங்க’ என்று சொல்வதற்கு வழி எது? களஞ்சியத்தில் எல்லோரும் நெல் போடலாம். புழுத்த மூட்டையைத் திருப்பி அனுப்புவது யார் வேலை?

எனக்கு இதில் இரண்டு தப்புகள் தெரிகின்றன. ஒன்று என் நோட்டு. இன்னொன்று அந்த மோர். வாடகை பேசியிருந்தால் ‘ஒரு தறி ஒரு நாள் நின்னா இவ்வளவு’ என்று அவர் விலையாகவே தன் மறுப்பைச் சொல்லியிருப்பார். திங்கட்கிழமைத் துணியும் அப்போதே பேச்சில் வந்திருக்கும். ஒறம்பரைக்குள் இலவசம் என்று ஆனபிறகு அவருக்கு மறுக்க வாயே இல்லை. சும்மா கொடுக்கிறவர் எப்படி முடியாது என்பார்?

பிறகு

ரகசிய வாக்குப் பெட்டி வைக்கலாம் என்றார் ஓவிய ஆசிரியர். உடனே குடவோலை, உத்திரமேரூர் என்று ஒருவர் ஆரம்பிக்க, நான் டீ போட எழுந்து போய்விட்டேன். ஏழு பேருக்குள் ரகசியமா? கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியில் வழி சொன்னது சிற்பி. அவருக்குப் பல்லடம் பக்கம் பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் கொஞ்சம் விவசாய நிலம் இருக்கிறது. நாலு மண்டலம், ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் மற்றவை காத்திருக்கும். அவரவர் முறை வரும்போது மடையைத் திறப்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. "வேண்டாம்னு சொல்றதையும் முறையாக்கிருங்க. மாசம் ஒருத்தரு. அவரு முறை வந்தா குத்தம் சொல்லித்தான் ஆகோணும், புடிச்சிருந்தாலும் சொல்லோணும். அப்ப யாருக்கும் மனசு வருத்தம் இல்ல."

அதைத்தான் செய்கிறோம். இந்த மாதம் அச்சகக்காரர் முறை. சிலசமயம் அபத்தமாக இருக்கிறது. போன மாதம் போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன் முறை வந்தபோது, குற்றம் எதுவும் அகப்படாமல், சுவரின் சுண்ணாம்பு சரியில்லை என்று அரை மணி நேரம் பேசினார். அதன் நடுவில்தான் அந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று தெரிந்தது, வாட்டர் கலரை வேறு சுவருக்கு மாற்றினோம். நோட்டில் இப்போது ‘ஒப்புதல்’ என்ற சொல் கிடையாது. யார் என்ன சொன்னார்களோ அதே சொல்லில் எழுதுகிறேன், ‘பாக்கலாமுங்க’ உட்பட. அந்தச் சொல் வந்தால் இரண்டு நாள் கழித்து ஓர் ஆள் தனியாகப் போய்க் கேட்க வேண்டும். இடத்துக்குக் கட்டாயம் வாடகை, வாங்க மாட்டேன் என்றால் அந்த இடமே வேண்டாம். லைட்டுக்கு எங்கள் பேட்டரி. சாவி மட்டும் இன்னும் அண்ணன் இடுப்பில்தான் இருக்கிறது. அதைப் பேசும் மாதத்தில் யார் முறை வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் காங்கேயத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அதே பேக்கரி. ஏஸ் ஓட்டுவானாம், கணக்கு எழுதுவானாம். மூன்றாவது கேள்வியை இந்த முறை என்னைக் கேட்கச் சொன்னார்கள். கேட்பதற்கு முன்னால், நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன், அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் குழுவுக்கு முதல்முறையாகச் சொன்னேன். ஆசிரியர் பன்னைக் கீழே வைத்துவிட்டார். "அப்பறம் ஒரு வருசம் எப்படிப் பொறுத்துட்டு இருந்த?" என்றார். பொட்டாட்டம் பொறுத்துக்கொண்டேன், வேறென்ன.

பையனைக் கேட்டேன். அவன் யோசித்தான்.

"ரெண்டு படமாச்சும் வெக்கோணுங்க்கா. இல்லீன்னா எனக்கு வேண்டாமுங்க."

அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். சேர்த்துக்கொண்டாயிற்று. ஒரு வருட விதியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம், என் முறை அது.